ரயில் பெட்டி எங்கே நசுங்க வேண்டும்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பியூப்ளோ நகரத்துக்கு வடகிழக்கே ஒரு வறண்ட சமவெளி இருக்கிறது. 52 சதுர மைல் பரப்பு. ஊர் கிடையாது, பயணிகள் கிடையாது. தண்டவாளங்கள் மட்டும் வளையம் வளையமாக ஓடுகின்றன. ரயில் தொடர்பான சோதனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது. 2002 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பயணிகள் ரயிலை மணிக்கு 30 மைல் வேகத்தில், அதாவது சுமார் 48 கி.மீ. வேகத்தில், நின்றுகொண்டிருந்த இன்னொரு ரயிலின் இன்ஜின் மீது வேண்டுமென்றே மோதவிட்டார்கள். முன்னால் வந்த பெட்டி இன்ஜின் மேல் ஏறியது. அதன் முன்புறத்தில் ஏறக்குறைய 22 அடி நீளம் இல்லாமல் போனது. உண்மையான பயணமாக இருந்திருந்தால் அந்த 22 அடிக்குள் டிரைவரும் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணிகளும் இருந்திருப்பார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2006 மார்ச் 23 அன்று, அதே இடத்தில் அதே ஏற்பாட்டில் இன்னொரு மோதல். வேகம் மணிக்கு 30 மைலுக்குக் கொஞ்சம் மேல். இந்தத் தடவை முன்பெட்டி சுமார் 3 அடிதான் நசுங்கியது. பயணிகள் உட்காரும் இடத்தில் ஒரு வரிசைகூடப் போகவில்லை. டிரைவரின் அறையும் அப்படியே இருந்தது.

இரண்டுக்கும் நடுவே என்ன செய்தார்கள்? பெட்டிக்குக் கூடுதலாக இரும்பு போட்டு முரட்டுத்தனமாக்கியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சொல்லப்போனால் சில இடங்களில் பெட்டியைப் பலவீனமாக்கினார்கள். எந்த இடத்தில், எந்த வரிசையில், எவ்வளவு விசை வந்தபிறகு என்பதைக் கணக்குப் போட்டுப் பலவீனமாக்கினார்கள். ரயில் பெட்டிப் பாதுகாப்பில் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முன்பு அமெரிக்காவில் பாதுகாப்பு என்றால் ஒரே ஒரு எண்: 8 லட்சம் பவுண்டு. பெட்டியின் இரண்டு முனைகளையும் அந்த விசையில், சுமார் 363 டன் எடைக்குச் சமமான விசையில், அழுத்தினாலும் அது நிரந்தரமாக வளையக் கூடாது. இந்த விதியின் வேர் ரயில்வே தபால் பெட்டிகளில் இருக்கிறது. இன்ஜினுக்கு அடுத்தே இணைக்கப்பட்ட அந்தப் பெட்டிகளில் ஊழியர்கள் ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். விபத்து நடந்தால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். அவர்களுக்காக வந்த வலிமை விதி படிப்படியாக உயர்ந்து, 1940-களில் 8 லட்சம் பவுண்டில் நின்றது. பிறகு எல்லாப் பயணிகள் பெட்டிக்கும் அதுவே அளவுகோல் ஆனது.

விதியில் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிக் கதை. 363 டன்வரை வளையாது, சரி. 364-வது டன்னில் என்ன நடக்கும்? விதி அதைப் பற்றிப் பேசவே இல்லை. உண்மையான மோதலில் விசை அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியதும் பெட்டியின் எந்தப் பகுதி முதலில் விட்டுக்கொடுக்கிறதோ, அங்கேயே எல்லாச் சேதமும் குவியும். பழைய வடிவமைப்பில் அந்தப் பகுதி பெரும்பாலும் மோதும் முனை. அதாவது ஆட்கள் உட்கார்ந்திருக்கும் முன்பகுதி. ஒரு முறை நசுங்கத் தொடங்கிய உலோகத்துக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிடும். ஆகவே அடுத்த அடி நசுங்க முதல் அடியைவிடக் குறைந்த விசையே போதும். பின்னால் வரும் ஐந்து பெட்டிகளும் முழு பலத்தோடு உறுதியாக நிற்க, முதல் பெட்டி மட்டும் அவற்றின் பாரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு அழிந்துபோகும்.

1996 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டு விபத்துகள் இந்தப் பாதிக் கதையை அமெரிக்கர்களின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தன. 9-ஆம் தேதி நியூ ஜெர்சியின் சிகாகஸில் இரண்டு புறநகர் ரயில்கள் மோதி 3 பேர் இறந்தார்கள். 16-ஆம் தேதி மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் புறநகர் ரயில் ஒன்று நீண்டதூர ரயிலின் இன்ஜின் மீது மோதி, டீசல் பற்றிக்கொண்டு 11 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருந்தது: இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, பயணிகள் பெட்டி முன்னால் வந்துகொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புறநகர் ரயில் கடைசி ஸ்டேஷனுக்குப் போனதும் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் இன்ஜின் ஒரு முனையிலேயே இருக்கும். மறுமுனையில் உள்ள பயணிகள் பெட்டியில் ஒரு மூலையை டிரைவர் அறையாக்கி, அங்கிருந்தே பின்னால் உள்ள இன்ஜினை இயக்குவார்கள். போகும்போது இன்ஜின் இழுக்கும், வரும்போது தள்ளும். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் தள்ளும்போது, எதிரே வருகிற எதன் மீதும் முதலில் மோதுவது நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இன்ஜினாக இருக்காது. ஆட்கள் நிறைந்த ஒரு பெட்டியாக இருக்கும்.

அமெரிக்க மத்திய ரயில்வே நிர்வாகமும், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் உள்ள போக்குவரத்து ஆராய்ச்சி நிலையமான வோல்பி மையமும் சேர்ந்து இந்த நிலைமையைத்தான் ஆராய எடுத்துக்கொண்டன. திட்டம் எளிமையானது. முதலில் பழைய மாதிரிப் பெட்டி ஒன்றைச் சுவரில் மோதுவது. அப்புறம் இரண்டு பெட்டிகளை இணைத்து மோதுவது. அப்புறம் முழு ரயிலை ரயில் மீது மோதுவது. பிறகு புது வடிவமைப்பைப் பொருத்தி அதே மூன்று மோதல்களையும் அதே வரிசையில் திரும்பச் செய்வது. கம்ப்யூட்டரில் செய்துபார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் செய்தார்கள்தான். ஒவ்வொரு மோதலுக்கும் முன்பு எத்தனை அடி நசுங்கும், எந்த இணைப்பு எந்தப் பக்கம் போகும் என்று கணித்து வைத்துவிட்டுத்தான் பெட்டியை அவிழ்த்துவிட்டார்கள். கணிப்பு சரியாக வந்தால்தான், சோதித்துப் பார்க்காத நூறு வகை மோதல்களுக்கும் அந்தக் கணக்கை நம்பலாம். ஒரு முழு ரயிலை உடைக்க ஆகும் செலவில் நூறு தடவை உடைத்துக்கொண்டிருக்க முடியாது.

பெட்டியைச் சுவரில் மோதுவது கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்வது அப்படியில்லை. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஓரிடத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகு பெட்டி சரிவில் தானாக உருள வேண்டும். எந்த இடத்தில் விட்டால் சுவரைத் தொடும்போது மணிக்கு 35 மைல் இருக்கும் என்பதை முன்கூட்டியே பல தடவை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று எதிர்த்து வீசினால் அந்தக் கணக்கும் மாறும். பெட்டியின் சட்டகம் முழுக்க உணரிகள்: எங்கே எவ்வளவு நீள்கிறது, எங்கே எந்த நொடியில் எவ்வளவு வேகம் குறைகிறது என்று அளப்பவை. சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள். உள்ளே, இருக்கைகளில் கார் சோதனைகளில் பார்க்கும் அதே மாதிரி மனிதப் பொம்மைகள். எல்லாம் நடந்து முடிய ஒரு நொடிகூட ஆகாது. அதற்குப் பிறகு பல மாதங்கள் எண்களோடு உட்கார வேண்டும்.

1999 நவம்பர் 16 அன்று முதல் பெட்டி மோதியது. பட் கம்பெனி செய்த பழைய எவர்சில்வர் பெட்டி. மணிக்கு 35 மைல் வேகத்தில் சுவரில் இடித்து, சுமார் 5 அடி நசுங்கியது. நசுங்கிய முனையில் அடிச்சட்டம் வளைந்துகொடுக்க, பெட்டியின் முன்புறம் மேல்நோக்கி எழும்பவும் பார்த்தது. அந்த எழும்பலைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2000 ஏப்ரல் 4 அன்று இரண்டு பெட்டிகள், 26 மைல் வேகத்தில். முன்பெட்டி நசுங்கியது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது இணைப்பில் நடந்தது. தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரு கோடியிலிருந்து விரலால் அழுத்தினால் நடுவில் கோணிக்கொண்டு வெளியே பிதுங்கும் அல்லவா, அதேபோல இரண்டு பெட்டிகளும் இணைப்பில் பக்கவாட்டில் விலகிவிட்டன. வரிசை குலைந்துவிட்டால் ஒரு பெட்டியின் மூலை அடுத்ததன் பக்கச்சுவரில் இறங்கலாம். பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலுக்குக் குறுக்கே நிற்கலாம். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங்கின் நடுத்தண்டு இரண்டு முனையிலும் நெம்புகோலாகி, தன் நீளத்தாலேயே பெட்டிகளைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது என்பது தெரிந்தது.

பிறகுதான் 2002-இன் ரயில் மோதல். ஒரு பக்கம் டிரைவர் அறை கொண்ட பெட்டி முன்னால், அதன் பின்னால் மூன்று பெட்டிகள், கடைசியில் தள்ளும் இன்ஜின். எதிரே இன்ஜினும் பாரம் ஏற்றிய இரண்டு சரக்கு வண்டிகளும். மோதிய கணத்தில் முன்பெட்டியின் அடிச்சட்டம் வளைந்து, முனை எழும்பி, இன்ஜினின் உறுதியான அடித்தளத்தில் கால் வைத்து ஏறுவதற்கு ஒரு சாய்தளம் கிடைத்தது. ஏறியபிறகு அடிச்சட்டம், அதாவது அந்த 8 லட்சம் பவுண்டைத் தாங்கவேண்டிய முதுகெலும்பு, வேலைக்கே வரவில்லை. இன்ஜினின் முன்பகுதி அதற்கு மேலே உள்ள மெல்லிய தகட்டையும் ஜன்னல் சட்டங்களையும்தான் சந்தித்தது. 22 அடி போனது அதனால்தான். பின்னால் இருந்த பெட்டிகளுக்குச் சொல்லத்தக்க சேதம் எதுவும் இல்லை. ஒரு ரயிலின் மோதல் ஆற்றல் முழுவதையும் ஒரு பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டது.

இதைப் பார்த்துத்தான் புது வடிவமைப்பின் இலக்குகள் தெளிவாயின. ஏறக் கூடாது, கோணக் கூடாது, நசுங்கல் ஒரே இடத்தில் குவியக் கூடாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி ஒவ்வொரு பெட்டியின் இரண்டு கோடியிலும் ஒரு நசுங்கு பகுதி. வாசல், கழிப்பறை, மின்சாதன அலமாரி போன்ற, ஆள் நிரந்தரமாக உட்காராத இடங்கள் பெரும்பாலும் பெட்டியின் கோடியில்தான் இருக்கின்றன. அந்த இடத்தைத் தியாகம் செய்யலாம். வேலை நடக்கும் வரிசை இப்படி: முதலில் கப்ளிங் பின்வாங்கும். அது சாதாரண இழுப்புக்கும் இடிப்புக்கும் அசையாது. குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அறுந்து, கப்ளிங் தன் பின்னால் உள்ள நசுங்கும் துண்டை அமுக்கியபடி உள்ளே போய்விடும். நெம்புகோலாகப் பெட்டியைக் கோணவைத்த தண்டு இப்போது வழியிலிருந்து விலகிவிட்டது. உடனே இரண்டு பெட்டிகளின் முகங்களும் முழுப் பரப்போடு ஒன்றையொன்று தொடும். அங்கே உள்ள பல்வரிசை மாதிரியான அமைப்புகள் கவ்விக்கொண்டு ஏறவிடாமல் தடுக்கும். விசை இன்னும் ஏறினால் அடுத்த போல்ட் வரிசை அறும். பெட்டியின் முனைச் சட்டகம் மொத்தமாக, வளையாமல், தண்டவாளத்துக்கு இணையாகப் பின்னோக்கி வழுக்கும். அடியில் உள்ள அறை அறையான எஃகுப் பெட்டகங்களும் கூரையோரத்தில் உள்ள தேன்கூட்டு அமைப்பிலான உறிஞ்சிகளும் ஒரே சீராக நசுங்கிக்கொண்டே ஆற்றலை விழுங்கும்.

டிரைவர் பெட்டியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நசுங்கு பகுதியில்தான் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் வழி கண்டார்கள்: அவர் அறை முழுவதும் ஒரு தனிக் கூண்டு. முனை பின்வாங்கும்போது கூண்டும் சேர்ந்து உள்ளே நகரும். இன்ஜினுக்கு எதிரே வரும் முகத்தில் வளைந்து கொடுக்கக்கூடிய, ஆனால் ஏறவிடாத ஒரு தடுப்பு.

இதில் முக்கியமானது கணக்கு. ஒரு கோடி நசுங்கத் தேவையான விசை, நசுங்க நசுங்கக் குறையாமல் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் முனை ஓரளவு நசுங்கியதும், அதைத் தொடர்ந்து நசுக்குவதைவிட அடுத்த இணைப்பைத் தொடங்கிவைப்பது சுலபமாகிவிடும். ஆற்றல் பெட்டி பெட்டியாகப் பின்னால் பரவும். டிரைவர் பக்கத்து முனை ஒன்று சுமார் 40 லட்சம் ஜூல் ஆற்றலை விழுங்கும்படி வடிவமைத்தார்கள். ஒப்பிட, 40 டன் எடையுள்ள ஒரு பெட்டி மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 48 லட்சம் ஜூல்.

2003 டிசம்பர் 3 அன்று இந்த வடிவமைப்பில் ஒற்றைப் பெட்டி சுவரில் மோதியது: 5 அடிக்குப் பதில் சுமார் 3 அடி. 2004 பிப்ரவரி 26 அன்று இரண்டு பெட்டிகள், 29 மைல் வேகத்தில்: கோணவில்லை, நேர்கோட்டில் நின்றன. 2006-இன் முழு ரயில் மோதலின் கதையை மேலே சொல்லிவிட்டேன். முன்பெட்டி 3 அடி கொடுத்தது, பின்னால் இருந்த இணைப்புகளும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தன.

இத்தோடு முடிந்தது என்று எழுதிவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டி தப்பித்தால் உள்ளே இருப்பவர் தப்பித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது இந்தப் பகுதிதான்.

ரயில் மோதி வேகம் குறையும்போது பயணி பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறார். எதிர் இருக்கையின் முதுகு இரண்டு இரண்டரை அடி தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தை அவர் கடப்பதற்குள் பெட்டி எவ்வளவு வேகத்தை இழந்திருக்கிறதோ, அந்த வித்தியாசத்தில்தான் அவர் முதுகுச்சட்டத்தில் மோதுவார். ரயில் மோதலுக்குள் நடக்கும் இரண்டாவது மோதல் இது. இங்கே ஒரு வினோதம் இருக்கிறது. பழைய பெட்டி 22 அடி நசுங்கியபோது, பின்வரிசையில் இருந்தவருக்கு ரயில் ஒப்பீட்டளவில் மெதுவாகவே நின்றது. முன்னால் இருந்தவர்கள் உயிரைக் கொடுத்து அவருக்கு அந்த மென்மையை வாங்கித் தந்தார்கள். புதுப் பெட்டியில் நசுங்கும் தூரம் குறைவு, எதிர்ப்பு அதிகம். ஆகவே முன்பெட்டிகளின் வேகம் சட்டென்று குறைகிறது. உள்ளே இருப்பவர் எதிர் இருக்கையில் முன்பைவிடப் பலமாக இடிக்கிறார். உட்கார இடம் மிஞ்சியது, இடிதான் கூடியது. எனவே நசுங்கு பகுதியை வைத்தவர்கள் இருக்கையையும் மேஜையையும் மாற்றியே ஆகவேண்டியிருந்தது.

மேஜை விஷயத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே லேப்டாப் வைக்க ஒரு பலகை. 2002 ஏப்ரல் 23 அன்று கலிஃபோர்னியாவின் பிளசென்ஷியாவில் சரக்கு ரயில் ஒன்று புறநகர் ரயில் மீது மோதியது. பெட்டிகள் பெரிதாக நசுங்கவில்லை. ஆனாலும் உயிர்கள் போயின. மேஜை விளிம்பு வயிற்றில் இடித்ததால் வரும் உள்காயங்கள் அந்த விபத்தின் முக்கியப் பாடம் ஆயின. அதற்குப் பிறகு ஒரு மேஜையை வடிவமைத்தார்கள். நடுவே உறுதியான சட்டம், அது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராது. விளிம்பு முழுவதும் நசுங்கும் அலுமினியத் தேன்கூடு, மேலே மென்மையான உறை. வயிறு பட்டால் விளிம்பு உள்ளே போய் விசையை அகலமாகப் பரப்பும். மேஜை பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். அது அவரை அந்த இடைவெளிக்குள்ளேயே பிடித்துவைக்கிறது, இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் போய் விழுவார். கார் சோதனைக்கான சாதாரணப் பொம்மையில் வயிற்றுப் பகுதி இப்படிப்பட்ட அடியை அளக்கத் தோதாக இல்லை என்பதால், வயிற்றில் உணரிகள் கொண்ட பொம்மைகளை 2006 சோதனையில் உட்காரவைத்தார்கள்.

சீட் பெல்ட் போட்டால் என்ன? எல்லோரும் கேட்கும் கேள்வி. பிரிட்டனின் ரயில் பாதுகாப்பு அமைப்பு இதை விரிவாக ஆராய்ந்து, வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது. பெல்ட்டைத் தாங்க வேண்டுமென்றால் இருக்கையை மிக இறுக்கமாகச் செய்ய வேண்டும். பெல்ட் போடாதவர் அதில் மோதினால் காயம் அதிகம். ரயிலில் எழுந்து நடப்பார்கள், நின்றுகொண்டு வருவார்கள், எல்லோரும் பெல்ட் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஜன்னல் வழியே தூக்கியெறியப்படுவதுதான் பெரிய ஆபத்து என்றால், உடைந்தாலும் சிதறாத பல அடுக்குக் கண்ணாடி அதைத் தடுக்கும். பயணத் திசைக்கு முதுகைக் காட்டும் இருக்கை நல்லது என்பது சோதனைகளில் தெரிந்ததே. நடைமுறையில் மக்கள் அதை விரும்புவதில்லை, தவிர ரயில் திரும்பி வரும்போது அதுவே முன்னோக்கிய இருக்கை ஆகிவிடும்.

சோதனைக் களத்தை விட்டு வெளியே வருவோம். 2005 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸை அடுத்த கிளென்டேலில் ஒருவர் தண்டவாளத்தில் தன் ஜீப்பை நிறுத்திவிட்டுப் போனார். பெட்டி முன்னால் வந்த மெட்ரோலிங்க் ரயில் (அந்தப் பகுதியின் புறநகர் ரயில் சேவை) அதில் மோதித் தடம் புரண்டு, நின்றிருந்த சரக்கு ரயிலிலும் எதிரே வந்த இன்னொரு பயணிகள் ரயிலிலும் இடித்தது. 11 பேர் பலி. அதையடுத்து மெட்ரோலிங்க் நசுங்கு பகுதி கொண்ட பெட்டிகளைக் கொரியாவின் ரோட்டம் நிறுவனத்திடம் வாங்க முடிவுசெய்தது. அவை 2010-இல்தான் வந்தன. நடுவே, 2008 செப்டம்பர் 12 அன்று சாட்ஸ்வொர்த்தில் அதே மெட்ரோலிங்கின் ரயில் ஒன்று சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்ச் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. டிரைவர் செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. 25 பேர் இறந்தார்கள். அங்கே இன்ஜின்தான் முன்னால் இருந்தது. அந்த இன்ஜினே பின்னோக்கித் தள்ளப்பட்டு, முதல் பெட்டிக்குள் சுமார் 52 அடி புகுந்துவிட்டது.

இரண்டு ரயில்களும் தலா 40 மைல் வேகத்தை ஒட்டி வந்தன. சேர்த்துப் பார்த்தால் 80. சோதனைகள் எல்லாம் 30-ஐ ஒட்டித்தான் நடந்தன. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. எந்தப் பெட்டிக் கோடியிலும் அவ்வளவு நசுங்கும் இடம் கிடையாது. நசுங்கு பகுதியை ஏதோ கவசம்போல நினைப்பவர்களுக்கு சாட்ஸ்வொர்த் சரியான பதில். அமெரிக்க நாடாளுமன்றமும் அந்த விபத்துக்குப் பிறகு பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர் சிக்னலைத் தாண்டினால் ரயிலைத் தானாக நிறுத்தும் கட்டுப்பாட்டு முறையைக் கட்டாயமாக்கியது. 2020 முடிவில் அது தேவையான எல்லாப் பாதைகளிலும் வந்துவிட்டது.

அப்படியானால் பெட்டி இனி முக்கியமில்லையா? 2015 பிப்ரவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில், தண்டவாளத்தில் தவறித் திரும்பிச் சிக்கிக்கொண்ட ஒரு லாரி மீது மெட்ரோலிங்கின் புதுப்பெட்டி முன்னால் வந்த ரயில் மோதியது. எந்த சிக்னல் முறையாலும் தடுத்திருக்க முடியாத விபத்து. பெட்டிகள் தடம் புரண்டன, சில கவிழ்ந்தன, உட்பகுதி நசுங்கவில்லை. டிரைவர் சில நாளில் இறந்தார். பயணிகள் யாரும் இறக்கவில்லை. ஆனால் விசாரணையில் வேறொரு குறை வெளிவந்தது. தண்டவாளத்தில் கிடப்பதை விலக்கித் தள்ள முன்னால் பொருத்தியிருக்கும் கலப்பை போன்ற தகடு கழன்றுபோயிருந்தது. மெட்ரோலிங்க் கொஞ்ச காலம் சரக்கு இன்ஜின்களை வாடகைக்கு எடுத்து முன்னால் மாட்டிக்கொண்டு ஓட்டியது. நசுங்கு பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இருக்க, பிரச்சினை அதற்குக் கீழே உள்ள தகட்டின் இணைப்பில் வந்து நின்றது. பொறியியலில் இப்படித்தான் ஆகும்.

ஐரோப்பியர்கள் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். அவர்களுடைய பெட்டிகளின் அழுத்த வலிமை அமெரிக்க அளவில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு ஈடாக, 2008-இல் வந்த ஈஎன் 15227 என்ற தரநிலை நான்கு காட்சிகளை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒரே மாதிரி ரயில் மீது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், 80 டன் சரக்கு வண்டி மீது அதே வேகத்தில், லெவல் கிராசிங்கில் 15 டன் லாரி போன்ற ஒரு தடை மீது அதிகபட்சம் 110 கி.மீ. வரை, அப்புறம் சிறு கார் போன்ற தாழ்வான தடை. கடைசியில் சொன்னதற்குத்தான் அந்தக் கலப்பைத் தகடு. அமெரிக்காவும் 2018 நவம்பரில் விதியை மாற்றி, 8 லட்சம் பவுண்டுக்கு மாற்றாக, மோதலில் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று நிரூபித்துக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறது. எடை குறைந்த ஐரோப்பிய வடிவமைப்புகள் தனி விதிவிலக்கு வாங்காமல் அங்கே ஓட வழி திறந்தது அப்போதுதான்.

இந்தியாவில் இதன் சாயல் எங்கே என்று பார்த்தால் முதலில் பெரம்பூர்தான் வரும். 1955-இல் சுவிஸ் நாட்டு வடிவமைப்போடு தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) பெட்டிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயணம் செய்திருக்கிறோம். அவற்றுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக, இடியை வாங்கிக்கொள்ளும் இரண்டு பஃபர், நடுவே திருகிப் பூட்டும் கப்ளிங். மோதினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதும் அந்த இணைப்பில் சுலபம். ஜெர்மனியின் லிங்கே ஹாஃப்மன் புஷ் வடிவமைப்பு, நாம் எல்.எச்.பி. என்று சொல்வது, 2000-ஐ ஒட்டி வந்தது. இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் நடுக் கப்ளிங்தான் அதன் பெரிய வித்தியாசம்; தடம் புரண்டாலும் பெட்டிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்து, ஏறாமல் பார்த்துக்கொள்ளும். 2018 ஜனவரியில் பெரம்பூர் பழைய வகையின் கடைசிப் பெட்டியை அனுப்பிவிட்டு முழுதாக எல்.எச்.பி.க்கு மாறியது.

அதே எல்.எச்.பி. பெட்டிகளோடுதான் 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாகாநாகா பஜாரில், ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையான லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த இரும்புத்தாது ரயிலில் மோதியது. வேகம் மணிக்கு 128 கி.மீ. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 11 அன்று சென்னையை அடுத்த கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், அதுவும் எல்.எச்.பி., அதே போல லூப் லைனுக்குள் போய் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. வேகம் சுமார் 75 கி.மீ. காயங்கள் உண்டு, உயிரிழப்பு இல்லை. இரண்டு விபத்துக்கும் சூழ்நிலை வேறு. பாகாநாகாவில் பக்கத்துப் பாதையில் வந்த இன்னொரு ரயிலும் சிக்கிக்கொண்டது. ஆனாலும் வேகக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 75-க்கும் 128-க்கும் இடையே ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

பியூப்ளோவில் சோதனைகள் பயணிகள் பெட்டியோடு நிற்கவில்லை. அடுத்து எடுத்துக்கொண்டது இன்ஜினை. எதிரே நிற்கும் இன்ஜின்தான் பெட்டிக்குச் சாய்தளம் போட்டுக் கொடுக்கிறது என்பதால், பழைய எஃப்-40 வகை இன்ஜின்களின் முகத்தில் பின்வாங்கும் கப்ளிங்கையும் வளைந்துகொடுக்கும் ஏறுதடுப்பையும் பொருத்தி மோதவிட்டுப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளை மாற்றுவதைவிட அவற்றுக்கு எதிரே வரக்கூடிய இன்ஜின்களின் மூக்கை மாற்றுவது செலவு குறைந்த வேலை. பழைய பெட்டிக்கும் அதனால் ஓரளவு பலன் உண்டு.